வல்லத்தில் சோதித்த கேம் ஷாஃப்ட்

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகள் கிடந்தன. எழுபதுகளின் தொடக்கம் அது. திரேஸ்புரம் கடற்கரையில் மீன்பிடி வல்லங்களின் எஞ்சினைப் பழுது பார்ப்பது என் வீட்டுக்காரருக்கு வேலை. தன் காரை நேர் ரோட்டில் விரட்டுவதில் அவருக்குப் பைத்தியம். தட்டு வைக்கக்கூட அந்த இரும்புகளைத் தள்ளித்தான் இடம் பிடிக்க வேண்டும். எரிச்சலாக வரும். ஆனாலும் அவர் இல்லாதபோது எடுத்து உருட்டிப் பார்ப்பேன்.

நீளத் தண்டு, அதில் முட்டை வடிவில் மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற மேடுகள் எஞ்சினின் வால்வுகளைத் தூக்கித் திறக்கும். ஒன்று காரோடு வந்தது. மற்றது மதராஸில் சொல்லிக் கடையச் செய்து வாங்கியது. அதில் மேடுகள் பெரிது.

"மேடு பெருசானா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"வால்வு ரொம்ப நேரம் தொறந்திருக்கும்ளா. எஞ்சின் வேகமாச் சுத்தயில பேயா இழுக்கும்."

"மெதுவாச் சுத்தயில?"

அவர் பெரிய மேடுகளைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

உப்பளத்து ரோட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவரோடு பந்தயம் பேசியிருந்தார். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, தூரத்து மைல் கல்லை யார் முதலில் தாண்டுவது என்று போட்டி. ஜெயித்தால் பெயர் பரவும், இங்கேயே சொந்தப் பட்டறை போடலாம். தோற்றால் கப்பல் வேலைக்குப் போய்விடுவதாக என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். கப்பலேறினால் திரும்பி வர வருஷங்கள் ஆகும். எனக்கு அவர் ஊரில் இருக்க வேண்டும். ஆகவே எந்த கேமைப் போடுவது என்பது என் கவலையும் ஆயிற்று.

எஞ்சினைச் சோதிக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே இடம் கடல்தான். கார் எஞ்சினைக் கழற்றி ஒரு வல்லத்தில் பூட்டினார். கடலில் மிதக்கும் இரண்டு போயாக்களுக்கு இடையே அவர் ஒவ்வொரு கேமாகப் போட்டு ஓட்ட, நான் ஜெபமாலையோடு உட்கார்ந்து, ஒரு ஜெபத்துக்கு ஒரு மணி என்று உருட்டி நேரம் பார்த்தேன். பழைய கேமைவிடப் பெரிய கேமுக்கு மணிகள் குறைவாகவே உருண்டன.

"மாதாவே சொல்லிட்டா, பெருசுதான்!" என்று துள்ளினார். எனக்கும் சந்தேகமில்லை.

பந்தயத்தன்று கொடி இறங்கியதும் திருநெல்வேலிக் கார் பறந்தது. எங்களுடையது இருமியது, குலுங்கியது, நகரவே அழுதது. அது வேகம் பிடித்துச் சீறிப் பாய்ந்தபோது பந்தயம் முடிந்திருந்தது.

அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைக் குனிந்து பார்த்தார். ஆறுதல் சொல்லத்தான் போனேன். வாயில் வந்ததோ வேறு.

"வல்லம் கெளம்பையில இப்பிடித் திணறலையே, ஏன்?"

"அதாம்ளா எனக்கும் புரியல."

"வல்லத்து விசிறிக்குத் தண்ணி வழுக்கி விட்டுக் குடுக்கும்லா? எஞ்சின் சட்டுனு வேகம் புடிச்சிரும். ரோட்டுல காரோட கனம் முழுக்க மொதல்லயே அதுமேல ஏறுதே. மெதுவாச் சுத்தயிலயே இழுக்கணும்லா?"

என்னையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று திருநெல்வேலிக்காரரிடம் போனார்.

"அண்ணாச்சி, வார ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு இன்னொரு தடவ ஓட்டுவோம். பழைய கேமப் போட்டுட்டு வாரேன்."

அந்த அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"அப்பம் கப்பலு?" என்றேன் மெல்ல.

"இதப் பாக்காம எப்பிடிளா போவ?"

தோற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்பிய வழியெல்லாம், எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.