கோல் போட்டுக் கும்பிட்டவன்

சனிக்கிழமை காலை ஆறரை. சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் மைசூர் வண்டிக்குள் முதலில் துண்டு போனது, பிறகு நான் போனேன். ஜன்னலோர இருக்கை. டிக்கெட் நூற்று எண்பது ரூபாய். தூரம் நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் சித்தப்பா மகன் தனபாலைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வண்டி ஏற்றிவிட்டது வயிற்றெரிச்சல்தான்.

தனபால் கால்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவன். கோல் போடுவது அவன் வேலை. பெரிய பெயரெல்லாம் இல்லை. ஒரு கிளப் ஒரு வருடம் வைத்துக்கொள்ளும், மறு வருடம் விட்டுவிடும், இன்னொன்று கூப்பிடும். கோவா, கொல்கத்தா, ஷில்லாங், கோழிக்கோடு என்று சுற்றி, முப்பத்தெட்டு வயதில் இப்போது மைசூர். நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவன். பகலில் தாலுகா அலுவலகம், மாலையில் ஆறுகளைப் பற்றிய எழுத்து. பாதி ஆறுகளை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவனோ அவற்றில் முங்கிக் குளித்துவிட்டுப் படம் அனுப்புவான். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இந்த ஆத்துக்குப் பேரென்ன?" பெயரைச் சொல்கிறவன் நான், நனைகிறவன் அவன்.

திம்பத்தின் இருபத்தேழு வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கியது. மூங்கில் தூரெல்லாம் பனி. கடைசி வளைவு தாண்டியதும் நடத்துநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மைசூரில் யார் என்று விசாரித்தார். சொன்னேன்.

"முப்பத்தெட்டு வயசுல இன்னுமா பந்து ஆடுறாரு? காலு தாங்குமுங்களா?"

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. சாம்ராஜ்நகரில் அவருக்கும் சேர்த்து நானே தேநீர் வாங்கினேன்.

பதினோரு மணிக்கு மைசூர். ஹெப்பாளுக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். ஓட்டுநர் இங்கேயே பிறந்த தமிழர். முகவரியை முழுதாகச் சொல்லுமுன்பே, "பந்து தனபால் வீடா? ஹாகாத்ரே, அப்படின்னா உக்காருங்க சார், விட்டுடறேன்" என்றார். என் தெருவில் என் வீட்டைக் கேட்டால், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு என்பார்கள்.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. தனபால் மைதானத்துக்குப் போய்விட்டிருந்தான். அவன் மனைவி ரேவதி கொள்ளேகால் பக்கத்துப் பெண்; ஊதுபத்தித் தொழிற்சாலையில் வேலை. ராகிக் களியும் மொச்சைச் சாறும் போட்டுவிட்டு, பஸ்ஸில் உடம்பு நொந்திருக்கும், கொஞ்சம் சாயுங்கள் என்றாள். சாய்ந்த பிறகுதான் தலையணைகளைக் கவனித்தேன். உறைகள் எல்லாம் அவனுடைய பழைய ஜெர்சிகள். என் தலைக்கடியில் கொல்கத்தா, முழங்காலுக்கடியில் கோவா. ஷில்லாங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரேவதி வாசற்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி விஷயத்தைச் சொன்னாள். இன்று சீசனின் கடைசி ஆட்டம். கிளப் முதலாளி வருகிறார். அடுத்த வருடமும் இவனை வைத்துக்கொள்வதா என்று ஆட்டம் பார்த்துச் சொல்வார். இல்லையென்றால் அகர்தலாவிலிருந்து ஒரு கிளப் கூப்பிடுகிறது.

"இந்தத் தடவை நாங்க போகலீங்க மாமா. பாப்பாவுக்கு இது நாலாவது பள்ளிக்கூடம். போறதுன்னா அவரு ஒண்டியாப் போகட்டும்."

அகர்தலா. அங்கே எந்த ஆறு என்று என் மனம் அப்போதே வரைபடத்தை விரித்துவிட்டது. எழுந்த மகள் என்னைப் பார்த்து, "தொட்டப்பா, நீங்களும் பந்து ஆடுவீங்களா?" என்றாள். பெரியப்பாவுக்கு அவள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். ஆடமாட்டேன் என்றேன்.

மாலை நான்கு மணி. கம்பெனி பஸ்கள் நிற்கும் சுவருக்கு இந்தப் பக்கம் மைதானம். கிளப் முதலாளியிடம் என்னைத் தனபாலின் அண்ணன் என்று சொல்லிவிட்டு, ரேவதி என்னோடு பின்வரிசையில் உட்கார்ந்தாள். எதிரணி பெங்களூருவிலிருந்து வந்திருந்தது. தனபாலுக்கு ஓட்டம் குறைந்திருந்தது. இளையவர்கள் காற்றாய்ப் போக, அவன் மைதானத்தில் எதையோ தொலைத்தவன்போல நடந்தான். நான் உள்ளுக்குள் நடத்துநரை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் பாதியில் ஒரு பந்து யாருக்கும் வேண்டாததாக உருண்டு வந்தது. அது வரும் இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றிருந்தான். கோல்.

கூட ஆடியவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் கையை உயர்த்தவில்லை. எதிரணி பெஞ்சைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினான்.

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு முறை உண்டு. இத்தனை கிளப்பில் இருந்தவனுக்கு எதிரே யார் வந்தாலும் பழைய கிளப்தான். இவர்களுக்கு எப்போது ஆடினான் என்று ரேவதியிடம் கேட்டேன்.

"எங்கீங்க ஆடுனாரு? தேர்வுக்குன்னு போயி பத்து நாளு அவங்க சோறு தின்னாரு. வேண்டாமுன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கும் ஒரு கும்புடு."

முன்வரிசை நாற்காலியில் இருந்த முதலாளி திரும்பினார். மண்டி மொஹல்லாவில் மொத்த மசாலா வியாபாரி. முகம் சுருங்கியிருந்தது.

"ஏன் ஸ்வாமி, உங்க தம்பிக்கு எங்க டீம்ல மனசே இல்லையா? கோல் போட்டு யாராவது துக்க வீட்டுல நிக்கற மாதிரி நிப்பாங்களா?"

ரேவதி என்னைப் பார்த்தாள். இல்லை, மனசு அகர்தலாவில் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் போதும், அவன் பறந்திருப்பான். இன்னோர் ஆறு, இன்னொரு படம், பெயரைக் கேட்டு இன்னொரு கேள்வி. அதை இன்னொரு முறை தாங்க என்னால் முடியாது. அதனால் உண்மையைச் சொன்னேன். பத்து நாள் சோற்றையும் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அப்போ எங்களை விட்டுட்டுப் போனா, எங்களுக்கும் கோல் போட்டுட்டுக் கும்புடுவாரா?"

"கட்டாயம் கும்பிடுவான்."

"வேண்டாம் ஸ்வாமி. இங்கயே இருக்கட்டும்" என்று சிரித்தார். ஒரு வருடம் ஆடட்டும், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், எங்கேயும் போக வேண்டாம் என்றார். ரேவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமா நல்ல மனசுக்காரர் என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணி, மைசூர் புறநகர் பேருந்து நிலையம். தனபால் என் பையைத் தூக்கி வந்தான். எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றான். இனி வேறு வீடு தேட வேண்டும், கூட ஓர் அறை இருந்தால் தேவலை, வண்டியும் வாங்க வேண்டும் என்று அடுக்கினான். என்னைப்போலவே பேசினான். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"இதுவரைக்கும் நாந்தான் உள்ள உக்காந்துருப்பேன், நீ கீழ நிப்ப. குடுத்து வெச்சவன்ணா நீ. அகர்தலாவுல எந்த ஆறுண்ணா?"

ஹவுரா என்றேன். கொல்கத்தா ஹவுரா இல்லை, இது சிறிய ஆறுதான் என்றும் சொன்னேன்.

வண்டி நகர்ந்தது. இருபது வருடமாக அவனிடம் தோற்றுக்கொண்டிருந்த நான் கடைசியில் ஒரு கோல் போட்டிருந்தேன். பிளாட்பாரத்தில் அவன் சிறிதாகிக்கொண்டே கையசைத்தான். எனக்குப் பதிலுக்குக் கை அசைக்க வரவில்லை. ஜன்னல் வழியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.