அத்திம்பேரும் அண்ணாச்சியும்

தாராவி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் அத்திம்பேர் மேடையில் நின்று வசனத்தைப் பொழிந்துகொண்டிருக்க, எதிரே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பின்னாளில் சினிமாவுக்கு எழுதி, நடித்து, டைரக்டும் செய்து ஊரையே சிரிக்க வைத்த மனிதர் அவர். ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த நிசப்தம்தான் ஞாபகம் வருகிறது.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. நாங்கள் குடியிருந்த மாதுங்காவில் எங்கள் சபாவுக்கு ஹாஸ்ய நாடகங்கள் எழுதுவார். லோக்கல் ரயிலில் பக்கத்து ஆள் விட்ட கொட்டாவியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து நடித்துக் காட்டுவார். வெளிப்பெண்கள் நடிக்க வரமாட்டார்கள் என்பதால், டைப்பிஸ்டாக இருந்த என்னையே மேடையேற்றினார். தாராவியில் போட்ட அந்த நாடகத்தில் நான் ஒரு குமாஸ்தாவின் மனைவி. அவர், வழி தவறி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும் தாராவி ஆள். அவர் திருநெல்வேலித் தமிழ் பேசப் பேச, மாதுங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாடகத்துக்குக் கிடைத்த அந்தப் பேரைக் கேட்டுத்தான் தாராவிக்காரர்களும் எங்களை அழைத்திருந்தார்கள்.

அன்று மைதானத்தில், முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். குரலில் கோபமே இல்லை. “ஏ ஐயா, நாங்க பேசுதது ஒங்களுக்கு அம்புட்டுச் சிரிப்பாவா இருக்கு?”

அத்திம்பேர் தலைமுண்டாசை மெல்ல அவிழ்த்தார். “தப்புதாம்மா. இப்போ நீங்க எங்களைப் பேசிக் காட்டுங்கோ. யாராவது மேலே வாங்கோ” என்றார்.

செருப்புத் தைத்து விற்கும் ஒருவர் ஏறி வந்தார். வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், மூக்கைச் சுருக்கினார். அவ்வளவுதான், அசல் மாதுங்கா குமாஸ்தா ஒருவர் அங்கே நின்றார். “ஏம்ப்பா, செருப்பு ரொம்ப நன்னாருக்கே! அப்படியே எட்ட நின்னுண்டே என் காலுல மாட்டி விடேன்!”

மைதானம் அதிர்ந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. அத்திம்பேரோ சிரிப்புத் தாங்காமல் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பும்போது, “எத்தனை நாடகம் எழுதியிருக்கேன், இந்த ஒரு வரி எனக்கு வரலையேடி!” என்றார். பொறாமையும் சந்தோஷமும் ஒரே முகத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுவாரமே அந்த மனிதரைத் தேடிப் போய், ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அவரை அழைத்து வந்தால் ஹால் கிடையாது என்றது சபா. அத்திம்பேர் சபாவை விட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. எல்லோருக்கும் கொடுக்கும் டம்ளரிலேயே அக்கா அண்ணாச்சிக்கும் காப்பி கொடுத்தாள். நாடகம் தலைகீழாக மாறியது. இப்போது வழி தவறித் தாராவிக்குள் போய் முழிக்கிறவர் குமாஸ்தா. அந்த வேஷத்தை அத்திம்பேரே போட்டுக்கொண்டார்; அவரைப் பேசிக் காட்டிக் கேலி செய்யும் தாராவிக்காரர் அண்ணாச்சி.

ஒரு படமுதலாளி அதைப் பார்த்து மயங்கினார். “கதை அபாரம் சார். அந்த ஆளுக்குப் பதிலா மெட்ராஸ்லேர்ந்து நல்ல நடிகரா போட்டுக்கலாம்.”

“அண்ணாச்சி சொன்னாத்தான் அது ஹாஸ்யம். வேற யார் சொன்னாலும் வசவாயிடும்” என்றார் அத்திம்பேர்.

முதலாளி போய்விட்டார். சினிமாவே கனவாக இருந்த மனிதர் மறுநாள் டிபன் டப்பாவுடன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். அக்கா சமையலறையில் அழுதாள். இன்று முலுண்டில் என் வீட்டு டெலிவிஷனில் யாராவது மற்றவர்கள் பேச்சைக் கேலி செய்து கைதட்டல் வாங்கும்போதெல்லாம், அந்தக் காலையில் அவர் படியிறங்கிப் போனது எனக்கு ஞாபகம் வரும்.

யுத்தம் முடிந்த பிறகு வேறொரு முதலாளி சம்மதித்தார். அத்திம்பேரே டைரக்ட் செய்தார், அண்ணாச்சி நடித்தார். படம் மாதுங்காவுக்கு வந்த அன்று பெஞ்சில் தாராவி, பால்கனியில் மாதுங்கா. அவர்கள் இருவரை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு வெளியே வந்தேன். தியேட்டரின் பக்கச் சுவரில் காதை வைத்தபடி இருவரும் நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது.

“சாமி, இது ஒங்க ஆளுக சிரிப்பா, எங்க ஆளுக சிரிப்பா?” என்றார் அண்ணாச்சி.

அத்திம்பேர் கண்ணை மூடிக் கேட்டார். “பிரிச்சுச் சொல்ல முடியலையே, அண்ணாச்சி” என்றார்.