ஓட்டைய அடைச்சவனுங்க

ஆம்பூர்ல நான் தோல் கம்பெனியில வேல செஞ்சப்ப, என் தம்பியும் அங்கதான். கழிவுத்தண்ணி தொட்டிய கழுவ எறங்கனவன், வெசவாயு அடிச்சி உள்ளயே செத்துப்பூட்டான். "குடிச்சிட்டு எறங்கனா இன்னா பண்றது?"ன்னாரு மொதலாளி. என் தம்பி கள்ளு வாசன பட்டாலே ஓடறவன்யா!

அதுலேர்ந்து கை சும்மா இருக்கல. மெஷின்ல ஓட்ட வுழுந்து கழிச்சுப்போட்ட எருமத்தோலு ஒண்ணு கெடந்துச்சி. பதம் பண்ணாத பச்சத்தோலு. ஈரத்தோட பாலாத்துக் கல்லுங்க மேல இழுத்துக் கட்டி வெயில்ல போட்டேன். காய காய அது தானா முறுக்கிக்கும், நாம சொல்றத கேக்காது. கல்ல உருவினா, தோலு அப்டியே நின்னுச்சி. நடுவுல அந்த ஓட்ட. ஆளும் இல்ல, மாடும் இல்ல. பாத்தா எனக்கு தம்பி எறங்கன தொட்டி வாயாட்டமே இருக்கும்.

"இன்னாண்ணே இது, மாடு வாந்தி எடுத்தாப்ல?"ன்னு சிரிச்சானுங்க கம்பெனி பசங்க.

வேலூர் டிராயிங் வாத்தியார் ஒருத்தர் பாத்துட்டு, கண்காட்சியில வெக்கிறேன்னாரு. தொறந்து வெக்கிறது எங்க மொதலாளியாம். சரி, அந்தாளு இந்த ஓட்டைய நேரா பாக்கட்டும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.

கண்காட்சிக்கு மொத நாளு கம்பெனியில எடுக்கப் போனா, ஓட்டையக் காணோம்! பின்னால துண்டுத்தோலு ஒட்டி, சாயம் அடிச்சி, பாலீஷ் போட்டு பளபளன்னு வெச்சிருக்கானுங்க.

"ஓட்டையோட போனா நம்ம கம்பெனிக்கு அசிங்கம்ணே. ரிஜெக்ட் மாலுன்னுவான்," மேஸ்திரி பல்ல காட்டறான். "ஒட்டு தெரியுதா, சொல்லு?"

தெரியலதான். தோல்ல ஓட்டன்னா அடைக்கணும், அவனுங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். கத்திய எடுத்து ஒட்டுன துண்ட அறுத்தேன். காஞ்ச தோலு, அடி வரைக்கும் கிழிஞ்சிடுச்சி. பரவால்லன்னு அப்டியே தூக்கினு பஸ் ஏறினேன். நாத்தத்துக்கு பக்கத்துல ஒருத்தனும் குந்தல. அவனுங்க கால்ல போட்டிருந்த செருப்பு மட்டும் எதுல செஞ்சதாம்?

கண்காட்சியில மொதலாளி மாலையோட வந்து நின்னாரு. "நல்ல தோலாச்சே, எவன்யா இப்டி கிழிச்சது?"

"நீதாய்யா"ன்னேன். "என் தம்பி குடிச்சான்னு சொன்னியே, அன்னிக்கே கிழிஞ்சிடுச்சி."

வாத்தியார் என் கைய புடிச்சி இழுக்கறாரு. ஒதறிட்டேன். மொதலாளி ஓட்டையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, மாலைய கழட்டிட்டு கார்ல ஏறிட்டாரு. மறுநாளு கேட்டுல என்ன உள்ள வுடல. வுடாட்டி போ! அந்தாளு பாத்தாருல்ல.