அட்டையில் நான் எழுதாத பாதி

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். வேத வசனம் எழுதிய அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருடம் அந்த வீட்டுக்கு ஆண்டவர் தரும் வாக்கு. லாட்டரி நம்பர் எடுப்பது பாவம் என்று போதகர் முழங்கும் அதே மேடைக்குக் கீழேதான் இதுவும் நடக்கும்.

அட்டை எழுதுவது என் வேலை. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஞாயிறு பள்ளி நடத்தினேன். கையெழுத்து அழகு என்று சொல்லி இதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அட்டையோ உள்ளங்கை அளவு. இஸ்ரவேலருக்கு ஆண்டவர் சொன்னதெல்லாம் நீளம். என் சொல் கேட்டு நடந்தால் என்று தொடங்கி, தேசத்தைத் தருவேன், யாரும் உங்களைத் துரத்தமாட்டார்கள் என்று போகும். இடம் போதாது. அதனால் 'நடந்தால்' பாதியை வெட்டிவிட்டுத் 'தருவேன்' பாதியை மட்டும் எழுதுவேன். கடையில் விற்கும் அட்டைகளும் அப்படித்தான். புது வருடமும் அதுவுமாக நிபந்தனை யாருக்கு வேண்டும்?

அந்த வருடம் என் அப்பா எடுத்த அட்டையில், நீ குடியிருக்கும் நிலத்தை உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் தருவேன் என்று இருந்தது. அப்பா வாலிபத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர். அவர் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் தோட்டத்து மாரியம்மன் கோயில்காரர்கள். அட்டையைக் கொண்டுவந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் முன்சுவரில் ஒட்டினார்.

மூன்று மாதத்தில் தோட்டம் கைமாறியது. காலிசெய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், தஞ்சோங் காராங் போகும் சாலையில் ஆளுக்கொரு மலிவு வீடு என்றார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். அப்பா மட்டும் போடவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் பக்கத்து வீட்டு மண்டோர் வந்து கெஞ்சினார்.

"எல்லாரும் போட்டாச்சு. நீங்களும் சைன் போட்டுடுங்க லா. நாள் தாண்டிட்டா அந்த வீடும் கெடைக்காது."

அப்பா சுவரைக் காட்டினார். அப்போது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அது பாதி வசனம்தான் அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் பாதி. அந்த அட்டை பலித்துவிடாதா என்ற ஆசை பாதி.

கெடு தாண்டியது. லயத்தை இடிக்கப் புல்டோசர் வந்தது. அப்பா வேறு எதையும் தொடாமல், முதலில் அந்த அட்டையைப் பிய்த்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் புது வீடுகளுக்குப் போனார்கள். நாங்கள் லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ரவாங்கில் ஒரு வாடகை பிளாட்டுக்கு வந்தோம். மூன்றாம் மாடி. முட்டிவலிக்காரருக்கு மூன்றாம் மாடி.

எட்டு வருடம் அந்த வெட்டிய பாதியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் முழுசாக எழுதியிருந்தால் அப்பா யோசித்திருப்பார், வீடு மிஞ்சியிருக்கும் என்று எத்தனையோ ஜெபத்தில் அழுதிருக்கிறேன். இந்தப் புத்தாண்டு அன்று மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், அவரிடம் சொல்லிவிட்டேன். இடம் போதாமல் முன்பாதியை விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன்.

அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"முன்பாதி எனக்குத் தெரியாதாம்மா? தெரிஞ்சுதான் ஒட்டினேன். எங்கம்மாவுக்கு மூத்த மவன் நான். கொள்ளி வைக்கக்கூடாதுன்னு சபையில சொன்னாங்க. வைக்கல. சுடுகாட்டுல என் தம்பி என் மூஞ்சியில துப்பினான். இன்னும் என்னத்தக் கேட்டு நடக்கணும்?"

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனார்.

தப்பு என்னுடையது என்று இருந்தவரை எனக்கு ஒரு வசதி இருந்தது. வேறு யாரையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. வாக்குக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. கேட்கத்தான் பயமாக இருக்கிறது.