பீப்பாயின் கையெழுத்து

என் தங்கை லுட்மிலா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன இதயத்தோடு மாவட்ட பவுலிங் கோப்பையை மூன்று முறை வென்றாள். கடையில் பிசைந்தே விற்கும் மாவை வாங்கி ஆப்பிள் பை சுட்டு, தேவாலயச் சந்தையில் முதல் பரிசு வாங்கினாள். பரிசு கொடுத்த பாதிரியாரிடம் பாவமன்னிப்பில்கூட அதைச் சொல்லவில்லை. 1974இல் இரண்டு ஆண்களைப் பின்னுக்குத் தள்ளி, எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு ஸ்கோர் எழுதும் நாற்காலியைப் பிடித்தாள். பத்திரிகையில் 1973 என்று போட்டார்கள். தவறு. திருத்தச் சொல்லி நான் இரண்டு கடிதம் எழுதினேன்.

இவ்வளவும் செய்தவளுக்கு ஒன்பது வயது வரை தன் பெயரை எழுத வராது.

எங்களுடையது ஒஹாயோவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை ஊர். அணிக்குப் பெயர் கிளேசியர்ஸ். மைதானத்துப் பலகை வேலியில், தரையிலிருந்து நாற்பத்தோரு அங்குல உயரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கண்தான் வைக்கலாம். மட்டை பிடிப்பவர் மட்டும் தெரிவார். அடித்த பந்து எங்கே விழுந்தது என்பது தெரியவே தெரியாது. கூட்டம் போடும் சத்தத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டியதுதான்.

அந்த ஓட்டை வழியாகத்தான் நாங்கள் பெரிய அடிக்காரர்களைப் பார்த்தோம். லானி ஃபிஸ்க் வேலிக்கம்பி மாதிரி ஒல்லி. அடிக்கும் முன் மட்டைக்கு முத்தம் கொடுப்பார். ஆர்வில் டெட்மோரை ஊரே பீப்பாய் என்றுதான் கூப்பிடும். இரண்டு தடவை துப்பி, கால்சட்டையை மேலே இழுத்துவிட்டு, இடது கை ஆட்டக்காரராய் நின்று ஒரு வீசு வீசுவார். வேலி அதிரும். ஒரு பந்து எனக்கு, அடுத்த பந்து அவளுக்கு என்று முறை வைத்திருந்தோம்.

"அண்ணே, ஹோம் ரன் எல்லாம் உன் முறையிலேயே வருது. நீ ஏமாத்துற."

"பீப்பாய்கிட்ட போய்க் கேளு, போடி."

பள்ளியில் அவளுடைய இடது கையை அடித்து, மேசையில் வைத்து அமுக்கி, வலது கையால் எழுதச் சொன்னார்கள். எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் வலது கை ஒன்றைக்கூட எழுத மறுத்தது. பிறகு காய்ச்சல் வந்து பதினொரு மாதம் படுக்கை. அப்பா மதுக்கடையில் பீப்பாயைப் பிடித்து, ஒரு பந்தில் கையெழுத்து வாங்கி வந்தார். போர்வைக்குள் அந்தப் பந்தைப் பார்த்துப் பார்த்து, ரொட்டி சுற்றிய தாளில் இடது கையால் அதையே எழுதினாள். நான் எண்ணிய வரை அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை.

1952 ஜூனில் செய்தி வந்தது: பீப்பாயை டொலிடோ அணி வாங்கிவிட்டது, சனிக்கிழமை இங்கே அவருக்குக் கடைசி ஆட்டம். வேலி ஓட்டையில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்காக அணி ஓட்டைச் சங்கம் என்று ஒன்று நடத்தியது; பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் அதில் சேர்ந்தால் சனிக்கிழமை இலவசம். பள்ளிக்கு மட்டம் போட மாட்டேன், அம்பயரைத் திட்ட மாட்டேன் என்ற அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பயந்துதான் லுட்மிலா சங்கத்தில் சேராமலே இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது; எனக்குப் பதின்மூன்று ஆகிவிட்டது.

"பந்து விழுறத ஒரு தடவையாவது பாக்கணும் அண்ணே," என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றாள்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பர்டி அட்டையை நீட்டினார். லுட்மிலா பென்சிலை இடது கையில் வாங்கினாள். கை பழக்கத்தில் ஓடிவிட்டது. பர்டி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார்.

"ஆர்வில் டெட்மோர்! வாங்க சார். ரேடியோவுல கேட்டப்போ இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

வரிசையே சிரித்தது. "பீப்பாய், துப்பிக் காட்டு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"உன் பேரைப் போடு பாப்பா. இல்லேன்னா நகரு. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது," என்றார் பர்டி.

"நான் போடட்டுமா சார்?" என்றேன்.

"நீ போட்டா நீதான் உள்ள போகணும். உனக்கு மீசையே மொளைக்குது."

அவள் பென்சிலை வலது கைக்கு மாற்றினாள். கை மரக்கட்டையாக நின்றது. உள்ளே மணி அடித்தது.

"சார், பீப்பாய் எந்தக் கையால அடிப்பாரு?" என்று கேட்டாள்.

"இடது கைதான். ஊருக்கே தெரியுமே."

"அதுக்கு அவர யாராவது அடிச்சிருக்காங்களா?"

"அவ்ளோ தைரியம் எவனுக்கு இருக்கு?"

லுட்மிலா பென்சிலை மறுபடி இடது கைக்கு மாற்றினாள். இரண்டு தடவை துப்பினாள். பாவாடையை மேலே இழுத்துவிட்டு, முதலில் எழுதியதை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினாள். பர்டி எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

நான் ஓட்டைக்கு ஓடினேன். ஏழாம் இன்னிங்ஸில் பீப்பாயின் வீச்சைப் பார்த்தேன், கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டேன். ஆட்டம் முடிந்து அவள் வெளியே வந்ததும் கேட்டேன்:

"எங்கடி விழுந்துச்சு?"

"சொல்ல மாட்டேன் போ. இத்தன வருஷம் நீதான எல்லாத்தையும் பாத்த?"

வீடு வரை கெஞ்சவிட்டு, படியேறும்போதுதான் சொன்னாள்: பந்து எதிர்ப்பக்க வேலியைத் தாண்டி ரொட்டி வண்டியின் கூரைமேல் விழுந்ததாம், வண்டி அதையும் ஏற்றிக்கொண்டே போய்விட்டதாம்.

அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. அடித்துவிட்ட 'ஆர்வில் டெட்மோர்' மேலே. அதன் கீழே, இடது பக்கம் சாய்ந்து, 'லுட்மிலா ஹ்ராபோவ்ஸ்கி'. தேதி 1952 ஜூன் 14, சனிக்கிழமை.