இந்தியாக்காரி இந்த நாட்டுக்காரியானாள்

என் கணவர் நஸீர் மௌத்தாகி, விதவை இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் நான் வீட்டோடு அடங்கியிருந்த காலத்திலேயே என் விசா முடிந்துபோனது. அவருக்காக அழுவதா, விசாவுக்காக ஓடுவதா என்று தெரியாமல் கிடந்தேன்.

சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பூசி மெழுகி எழுத எனக்கு வராது. இதை வாசிக்கிறவர்களில் சிலர் இந்தக் கதைக்குள் இருக்கிறீர்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் பிறந்தது நாகூருக்குப் பக்கத்தில். என் அத்தா ஒரு துணி மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. இலங்கையின் கல்முனையிலிருந்து சரக்கு எடுக்க அங்கே வந்துபோனவர் நஸீர். அத்தாவுக்கு அவருடைய குணம் பிடித்துப்போனது. நிக்காஹ் முடிந்து என்னைக் கல்முனைக்குக் கூட்டி வந்தார்.

வந்த பிறகுதான் ஊர் வழக்கம் தெரிந்தது. இங்கே வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். நானோ ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள். நஸீர் தன் அக்கா, என் மதினி றம்ஸியாவின் வீட்டுப் பின்னறையில் என்னைக் குடிவைத்தார். அந்த வீடு மதினிக்கு அவருடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது. முதல் நாளிலிருந்தே நான் அங்கே அதிகப்படி.

நான் "ஆமா" என்றால் வாசலில் சிரிப்பு எழும்பும். "ஓம் எண்டு சொல்ல இன்னும் பழகல்லையா, இந்தியாக்காரி?" என்பார்கள். என் பெயர் ஜுலைஹா. அந்தத் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நஸீர் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. எங்கள் மகள் ஸைனபுக்கு அப்போது எட்டு வயது.

இத்தா முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு கொழும்பிலுள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்.

"இது கணவருக்காகத் தந்த விசா. இப்ப கணவர் இல்லை. நீங்க உங்கட நாட்டுக்குப் போகலாம்."

"என் பிள்ளை?"

"பிள்ளை இலங்கைப் பிள்ளைதானே. அது இருக்கலாம்."

அது இருக்கலாமாம். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையை ஏதோ பொருளைப் போலச் சொன்னார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இலங்கையரின் விதவையும் குடியுரிமை கேட்கலாம் என்று அங்கே வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் சொன்னாள். விண்ணப்பித்தேன். விசாரணை முடியும்வரை தங்க அனுமதித்தார்கள். ஆனால் இடையில் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் விழுந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

வீட்டில் மதினி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

"என்ட மகளுக்கு மாப்பிள பேசி வாறாங்க. பின்னறைக்குள்ள ஆரு எண்டு கேக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ற? நீ உன்ட ஊருக்குப் போ புள்ள. ஸைனப் என்ட தம்பிட புள்ள. அவள நாங்க பாத்துக்கொள்ளுவம்."

"ஸைனப் என் பிள்ளை மதினி. அவளை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"அப்ப நீ ஆருட ஆள்? இந்த ஊர்ல உனக்கு ஆரு இரிக்கா?"

நான் ஸைனபைக் கூட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அடுத்த நோன்பு வருவதற்கு முன் ஊரில் என் அத்தா மௌத்தானார். போனால் திரும்பி வர முடியாது. போகாவிட்டால் முகம் பார்க்க முடியாது. நான் போகவில்லை. தம்பி கைப்பேசியில் அத்தாவின் ஜனாஸாவைக் காட்டினான். அவரை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு கத்தினேன். அந்த வீட்டில் ஒருவரும் என் கதவைத் தட்டவில்லை.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தினேன். முதலில், "யா அல்லாஹ், மதினியின் மனதை இளக்கு" என்று கேட்டேன். அது இளகவில்லை. பிறகு, "அவருடைய வாயைக் கட்டு" என்று கேட்கத் தொடங்கினேன். அந்த நாட்களில் என் துஆ அப்படித்தான் இருந்தது.

அந்த நேரத்தில் என்னைப் பற்றி யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். நான் இங்கே வாழ்வதில்லையாம். இந்தியாவில் இருந்துகொண்டு குடியுரிமைக்காக வந்து போகிறேனாம். சொன்னது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து விசாரிப்போம் என்று தகவல் வந்தது.

நான் இங்கேதான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி பக்கத்து வீடுகளில் போய்க் கேட்டேன். மூலை வீட்டுப் பெண் கதவைப் பாதிதான் திறந்தார். அவருடைய பிரசவத்தின்போது கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

"எங்களுக்கு ஏன் புள்ள இந்த வம்பு? நாளைக்கு றம்ஸியாட முகத்தில முழிக்க வேணாமா?"

கதவு சாத்தப்பட்டது. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். அன்று அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் விழுந்தவள் எழும்பவில்லை. "எனக்காகப் பேச இந்த ஊரில் ஒரு வாய்கூட இல்லை, ரப்பே" என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

அதிகாரிகள் இரண்டு பேர் காலையில் வந்தார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் எழுதினார். வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னார்கள். மீன் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு மதினி வந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"இவங்க தொடர்ந்து இங்கதான் இருக்காங்களா? இந்தியாவுக்குப் போய் வந்து இருக்கிறதாச் சொல்றாங்களே?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் இல்லை.

"இவள எனக்குப் பிடிக்காது. அத முதல்ல எழுதுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இவள் இந்த வீட்ட உட்டுப் போகணும் எண்டுதான் நானும் நிக்கிறன். ஆனா அல்லாஹ்வுக்குப் பயந்தவ நான், பொய் சொல்ல ஏலாது. என்ட தம்பி மௌத்தான பொறவு இவள் ஒரு நாளும் இந்தியாவுக்குப் போகல்ல. இவட வாப்பா மௌத்தான நேரமும் போகல்ல. இந்தச் சுவருக்கு அங்கால கிடந்து கத்தின சத்தம் இன்னும் என்ட காதில இரிக்கி. போய் வாறவளெண்டா அண்டைக்குப் போயிருப்பாளே!"

கேட்டவர் எழுதுகிறவரிடம், "அப்படியே எழுதுங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு, "மதினி..." என்று தொடங்கினேன்.

"எனக்கு நன்றி சொல்லாத. உனக்காக நான் சொல்லல்ல. வேற வீடு பாக்கிற வழியப் பாரு."

அவர் மீனை வெட்டப் போய்விட்டார். நான் அறைக்குள் போய் இரண்டு ரக்அத் தொழுதேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லச் சொல்ல, அதுவரை வராத கண்ணீர் எல்லாம் சேர்ந்து வந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது. இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் அத்தாவை இரண்டாவது தடவை இழந்தது போல வலித்தது. இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்தேன். ஸைனப் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி யாரும் எங்களைப் பிரிக்க முடியாது.

இப்போது கல்முனைக்குப் பக்கத்தில் நற்பிட்டிமுனையில் வாடகை வீடு. தையல் என் தொழில். மதினியின் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. எனக்கு அழைப்பு வரவில்லை. மதினி வழியில் கண்டாலும் கதைக்கமாட்டார். நான் ஸலாம் சொல்வேன். ஸலாத்துக்குப் பதில் மட்டும் வரும், அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவருக்காக நான் துஆச் செய்யாத தொழுகை இல்லை.

எல்லை வேலித் தகராறு ஒன்றில் போன வருடம் மூலை வீட்டுப் பெண்ணுக்குச் சாட்சி தேவைப்பட்டது. அந்த வேலி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று என்னைத் தேடி வந்தார். "இப்ப நீ எங்கட ஆள்தானே" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். பழைய ஜுலைஹா என்றால் கதவைச் சாத்தியிருப்பாள்.

சகோதரிகளே, உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா? அவர்கள் திருந்தட்டும் என்று காத்திருக்காதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். யாரைக் கொண்டு தர வேண்டும், எப்படித் தர வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் கேட்டபடியே அவன் மதினியின் வாயைக் கட்டியிருந்தால், இன்று நான் நாகூரில் இருந்திருப்பேன். என் பிள்ளை இங்கே இருந்திருக்கும்.