பொதுக்கிணற்றின் புதுக் கயிறு

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கெல்லாம் ஒரே கிணறுதான். அதன் கயிற்றை எப்போது மாற்றுவது என்று நான்தான் சொல்வேன்; என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. எண்பதுகளில் நைலான் கயிறு வந்ததும், நார்க்கயிறு நன்றாக இருக்கும்போதே மாற்றச் சொன்னேன்.

"பழசு நல்லாத்தானே கீது, இன்னாத்துக்குக்கா மாத்தணும்?" என்று பக்கத்து வீட்டு மேரி கேட்டாள்.

"அது அறுந்து வாளி உள்ள பூட்டா, நீ எறங்கி எடுத்தாருவியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

கிணற்று ராட்டினம் பருமனான கயிற்றுக்கென்று செய்தது. அதை நான் யோசிக்கவில்லை. மறுநாளே மெல்லிய நைலான் சக்கரத்தை விட்டு நழுவி இடுக்கில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துவிட எட்டிய மேரி கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். நான் கழற்றிப் போட்டிருந்த நார்க்கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் அவள் கணவர் இறங்கி, அவளை மேலே கொண்டு வந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் குடம் தூக்கவே இல்லை.

என்னை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பழைய கயிற்றை வீட்டுக்குள் துணிக்கொடியாகக் கட்டியிருக்கிறேன். ஈரப்புடவையைப் போடும்போதெல்லாம், இன்றைக்காவது அறுந்து விழாதா என்று பார்க்கிறேன். அது அறுவதாக இல்லை.